விழுந்த விமானத்துக்கு மேக்கப் போடாதீங்கோ

பழைய போர் விமானம் ஒன்று விபத்தில் நொறுங்கினால் என்ன செய்ய வேண்டும்? விமான ரசிகர்களைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். திருத்துங்கோ, பெயின்ற் அடியுங்கோ, திரும்பப் பறக்க விடுங்கோ. பறக்காத விமானம் செத்த விமானம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாங்கள் இதை ஏற்கவில்லை. எல்லா விமானத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. எங்கட வாதம் இதுதான்: போரில் இருந்து மிஞ்சி வந்த ஒரு விமானம் முதலில் ஒரு சான்று, பிறகுதான் காட்சிப் பொருள். அதைத் திருத்துபவர் எதைத் திருத்தினார், எதைத் தூக்கி எறிந்தார், எதைப் புதிதாகச் செய்து வைத்தார் என்பதை மறைத்தால், அவர் செய்தது திருத்தம் இல்லை. சான்றை அழிக்கிற வேலை.

"இங்க இருக்கிற பிரச்சினையளுக்க உங்களுக்கு வெள்ளைக்காரன்ர பழைய பிளேன் தானோ கிடைச்சது?" எண்டு கேப்பீங்கள். கேளுங்கோ. 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, இரத்மலானையில் இருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்தும் எழும்பிப் போனவை ஹரிக்கேன் விமானங்கள். நாலு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டபோது சீனன்குடாவில் இருந்து எழும்பினதும் ஹரிக்கேன்தான். நாங்கள் கீழே கதைக்கப் போகிற இரண்டு விமானங்களில் ஒன்று அதே இனம்.

இன்னொரு காரணமும் இருக்கு. கிபிர் எண்ட சொல்லுக்கு எங்கட வீடுகளில் விளக்கம் தேவையில்லை. வானத்தில் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் ஓடின சனத்தின் பிள்ளைகள் நாங்கள். ஆனபடியால் ஒரு போர் விமானத்தைப் பார்த்து "என்ன வடிவு" எண்டு சொல்ல எங்களுக்கு லேசில் வாய் வராது. ஆனால் அதே காரணத்தால்தான் அந்த விமானம் உள்ளபடியே மிஞ்ச வேண்டும் என்றும் நினைக்கிறம். ஒரு போர் நடந்த தடத்தைத் துடைத்துவிட்டு, அதுக்கு மேல வடிவாகப் பெயின்ற் அடிச்சால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருவம். இரண்டு விபத்துகள். இரண்டும் இங்கிலாந்தில், ஆறு வருட இடைவெளியில் நடந்தவை.

முதலாவது, எல்எஃப்363 என்ற இலக்கம் கொண்ட ஹரிக்கேன். 1944 இல் முதன்முதலாகப் பறந்தது. பிரித்தானிய விமானப்படையின் 'பிரித்தானியச் சமர் நினைவு அணி'யில் இருந்தது. 1991 செப்டெம்பர் 11 இல் ஜேர்சித் தீவுக்குப் போகும் வழியில் எஞ்சின் செயலிழந்தது. விற்றரிங் விமானத் தளத்தில் இறக்கப் பார்த்தார்கள். விழுந்து தீப்பிடித்தது. விமானி கணுக்கால் முறிவோடும் சிறு தீக்காயங்களோடும் தப்பினார். விமானம் கருகிப்போனது. அதைத் திருத்தக் காசு தேவைப்பட்டது. அதுக்காக அந்த அணி தன்னிடம் இருந்த ஸ்பிட்ஃபயர் ஒன்றை, பிஎஸ்853 ஐ, விற்றது. ஒண்டைத் திருத்த இன்னொண்டை வித்தாச்சு. ஏழு வருடங்களுக்குப் பிறகு, 1998 செப்டெம்பரில், எல்எஃப்363 திரும்பப் பறந்தது.

இரண்டாவது, ஜேர்மன் விமானம். மெஸர்ஸ்மிட் பிஎஃப் 109 ஜி-2. உடம்பில் கறுப்பு நிறத்தில் 6 எண்டு எழுதியிருந்ததால் அதன் பெயரே 'கறுப்பு 6'. 1942 நவம்பரில் லிபியாப் பாலைவனத்தில் அவுஸ்திரேலிய விமானப்படையின் 3 ஆவது அணியிடம் பிடிபட்டது. பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். போர் முடிந்ததும் மூலைக்குள் கிடந்தது. 1972 இல் ரஸ் ஸ்னாடன் என்பவர் ஒரு சிறு குழுவோடு அதைத் திருத்தத் தொடங்கினார். ஓய்வு நேரத்தில், துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்து, ஏறத்தாழ 19 வருட வேலை. 1991 மார்ச் 17 இல் பறந்தது. டைம்லர்-பென்ஸ் டிபி 605 எஞ்சினோடு, சண்டைக்குப் போய்வந்த ஒரு அசல் 109 வானத்தில் திரும்பப் பறந்தது அதிசயம்தான். படங்களில் நாங்கள் 'ஜேர்மன் விமானம்' எண்டு பார்க்கிறவற்றில் கனக்க ஸ்பெயினில் கட்டப்பட்ட, ரோல்ஸ்-ரொய்ஸ் மேர்லின் எஞ்சின் பூட்டின புச்சோன்கள்.

1997 ஒக்டோபர் 12. டக்ஸ்ஃபோர்ட் விமானக் கண்காட்சி. கறுப்பு 6 இன் பறக்கும் காலம் முடிந்து, அது அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த நேரம். பறப்பின்போது எஞ்சினில் கோளாறு என்ற சந்தேகம். அவசரமாக இறக்க முயன்றபோது ஓடுபாதைக்குள் நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் ஓடும் எம்11 நெடுஞ்சாலையைத் தாண்டி, அங்காலை உழுத வயலில் இறங்கித் தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி பெரிய காயமில்லாமல் வெளியே வந்தார். 19 வருட உழைப்பு வயலுக்குள் குப்புறக் கிடந்தது.

இந்த முறை முடிவு வேறு. கறுப்பு 6 ஐத் திருத்தினார்கள், ஆனால் பறக்கிறதுக்கு இல்லை. 2002 இல் அது அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது, நிற்கிற விமானமாக. 'செத்த விமானம்' கோஷ்டி அப்போது அழுதது, இப்பவும் அழுகிறது. நாங்கள் சொல்கிறம்: அதுதான் சரியான முடிவு.

ஏன் என்று விளங்க, திருத்துற வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பறக்கத் திருத்துவதும் நிற்கத் திருத்துவதும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள் இல்லை. இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

பறக்க வேண்டும் என்றால், சந்தேகம் உள்ள ஒவ்வொரு துண்டும் வெளியே போக வேண்டும். புரொப்பெல்லர் நிலத்தில் அடிபட்டு எஞ்சின் திடீரென்று நின்றிருந்தால், வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் எஞ்சினை முழுதாகக் கழட்டி, கிராங்க் ஷாஃப்ற்றில் வெடிப்பு இருக்கா என்று பார்க்க வேண்டும். நிறத் திரவம் பூசி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைத் தேடுவார்கள். உருக்குத் துண்டுகளைக் காந்தத்தால் சோதிப்பார்கள். உடலை ஒரு இரும்புச் சட்டகத்தில் பூட்டி, முறுக்கு விழுந்திருக்கா என்று அளப்பார்கள். மடிந்த அலுமினியத் தகட்டைத் தட்டி நிமிர்த்தினால், மடிந்த இடத்தில் உலோகம் இறுகி முறியக்கூடியதாகிவிடும். அதை வைத்துப் பறக்க ஆரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆகவே அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு ரிவெட் பண்ண வேண்டும். இது எல்லாம் நியாயம். உள்ளே இருக்கப் போவது ஒரு மனிசன். கீழே நிற்கப் போவதும் மனிசர்.

நிற்க மட்டும் வேண்டும் என்றால் கதை மாறும். அதே மடிந்த தகட்டை நிமிர்த்தித் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம். அது 1942 இல் ஜேர்மனியில் ஒரு தொழிலாளி ரிவெட் அடித்த தகடு. பாலைவன மணல் உரசின தகடு. பறக்கத் தகுதி இல்லாத அந்தத் துண்டுதான் சான்றாக எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது. பறக்கவிட வேண்டும் என்ற ஆசை அந்தத் துண்டைத்தான் முதலில் குப்பைக்கு அனுப்பும். ஒரு விபத்து, ஒரு திருத்தம். இன்னொரு விபத்து, இன்னொரு திருத்தம். ஒவ்வொரு தரமும் பழசு குறையும், புதுசு கூடும். கடைசியில் மிஞ்சுவது ஒரு பெயர்.

பெயர் எண்டு சும்மா சொல்லவில்லை. எங்கட ஊரில் கார் வாங்கப் போகிற எவரும் முதலில் சேசிஸ் நம்பரைப் பார்ப்பார். ஏன்? எங்கேயோ அடிபட்டு நசிந்த காரின் நம்பரை வெட்டி எடுத்து, இன்னொரு உடம்பில் ஒட்டி, 'ஒரிஜினல்' எண்டு விற்கிற வேலை நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். பிடிபட்டால் பொலிஸ் கேஸ். பழைய விமான உலகத்தில் இதுக்கு நெருங்கின வேலை சட்டப்படியே நடக்குது. அடையாளத் தகடும் கொஞ்சத் துருப்பிடித்த துண்டுகளும் இருந்தால் போதும். அதைச் சுற்றி முழு விமானத்தையும் புதிதாகக் கட்டி, பழைய இலக்கத்தின் பெயரிலேயே பதியலாம். வரலாறும் இலக்கத்தோடு சேர்ந்து வந்துவிடும். விலையும் வரும்.

ஸ்பிட்ஃபயர் பி9374 ஐ எடுங்கோ. 1940 மே மாதம், டன்கேர்க் வெளியேற்றம் தொடங்குகிற நாட்களில், பிரான்சின் கலே கடற்கரையில் அடிபட்டு இறங்கியது. கடல் மணல் அதை விழுங்கியது. 40 வருடங்களுக்குப் பிறகு, 1980 இல், வெளியே தெரிந்தது. பிறகு இங்கிலாந்தில் மீளக் கட்டி 2011 இல் பறக்கவிட்டார்கள். 2015 ஜூலையில் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் 31 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது. அந்தக் காசு நல்ல காரியங்களுக்குப் போனது, அதில் எங்களுக்குக் குறை இல்லை. அதைக் கட்டினவர்களின் கைவேலையிலும் குறை இல்லை. ஆனால் ஒரு எளிய கேள்வி. உப்புத் தண்ணியிலும் மணலிலும் 40 வருடம் கிடந்த அலுமினியம் பறக்குமா? பறக்காது. அப்ப பறந்தது எது? புதுத் தகடு. மணலுக்குள் இருந்து வந்த நொறுங்கின உடம்பு சொன்ன கதை வேறு. ஒரு இளைஞன் கடற்கரையில் இறங்கி, விமானத்தைக் கைவிட்டு நடந்து போனான் என்ற கதை அது. இப்போது பறக்கும் பளபளப்பான விமானத்தில் அந்தக் கதை எந்த இடத்தில் இருக்கு?

இங்கே எதிர்த்தரப்பின் நல்ல வாதங்களையும் பார்ப்பம். கெட்ட வாதத்தோடு சண்டை பிடிச்சு வெல்லுறதில பெருமை இல்லை.

முதலாவது: "விமானம் பறக்கத்தானே செய்தது? நிறுத்தி வைத்தால் அது வெறும் சிலை." உண்மைதான், பறக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதுக்குள் துப்பாக்கியும் வைத்துத்தான் செய்தார்கள். சுடுவதற்காகச் செய்த துப்பாக்கியால் இப்போது எவரும் சுடவில்லை என்று ரசிகர்கள் கவலைப்படுவதில்லை. செய்த நோக்கம்தான் எல்லாம் என்றால் பாதி நோக்கத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிறது ஏன்? சத்தமும் வேகமும் வேணும், செத்த சனம் வேண்டாம்.

இரண்டாவது: "திருத்திப் பறக்கவிட்டால்தான் கைத்தொழில் அறிவு சாகாமல் இருக்கும்." இதை நாங்கள் மதிக்கிறம். ஹரிக்கேனின் பின்னுடம்பு உருக்குக் குழாய்ச் சட்டகம், அதன் மேல் மரச் சட்டங்கள், அதன் மேல் துணி. துணியை இழுத்துக் கட்டி மருந்து பூசி இறுக்குகிற வேலை புத்தகத்தில் படித்து வராது. கை பழக வேண்டும். ஆனால் அந்தக் கையைப் பழக்கக் கடைசியாக மிஞ்சிய அசலைத்தான் அறுக்க வேண்டுமா? சத்திரசிகிச்சை பழகுகிற மாணவருக்கு முதல் நாளே உயிருள்ள நோயாளியைக் கொடுப்பாங்களோ?

வேறு வழி இருக்கு, அது நடந்தும் காட்டியிருக்கு. 1996 ஜூலை 21 இல் இங்கிலாந்தின் பார்ட்டன் விமானக் கண்காட்சியில் மொஸ்கிட்டோ விமானம் ஒன்று விழுந்தது. அந்த நேரம் உலகத்தில் பறந்துகொண்டிருந்த கடைசி மொஸ்கிட்டோ அதுதான். உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். அதைத் திருத்த எதுவும் மிஞ்சவில்லை. மரத்தால் செய்த விமானம் அது. பிறகு நியூசிலாந்தில் ஒருவர் அந்த மர உடம்பை வார்க்கும் அச்சுகளைப் புதிதாகச் செய்தார். அந்த அச்சில் புது உடம்பு வார்த்து, கேஏ114 என்ற மொஸ்கிட்டோ 2012 செப்டெம்பரில் பறந்தது. பிறகு அதே முயற்சியின் தொடர்ச்சியாக வேறு மொஸ்கிட்டோக்களும் பறந்தன. கைத்தொழில் செத்துப்போச்சா? இல்லை, பிறந்தது. புதுசு செய்யப் போனபடியால்தான் பிறந்தது.

இன்னொரு உதாரணம் இன்னும் நேர்மையானது. ஜேர்மனியின் மெஸர்ஸ்மிட் 262 ஜெற் விமானத்தை அமெரிக்காவில் ஒரு குழு புதிதாகக் கட்டியது. அளவு எடுக்க அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த அசல் ஒன்றைக் கடன் வாங்கினார்கள். அதுக்குக் கைமாறாக அந்த அசலைத் திருத்திக் கொடுத்தார்கள். புது விமானங்களில் நவீன ஜெனரல் எலெக்ரிக் எஞ்சின்களைப் பூட்டினார்கள், அதை மறைக்கவும் இல்லை. 2002 டிசம்பரில் முதலாவது பறந்தது. அசல் அருங்காட்சியகத்துக்கு, நகல் வானத்துக்கு. இரண்டு தரப்புக்கும் வெற்றி. இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் ஒன்றுதான். 'நகல்' எண்டு சொன்னால் விலை குறையும். ரிக்கெற் வாங்கி வருகிற சனத்துக்குப் புல்லரிக்காது. ஆகவே நகல் என்ற சொல்லையே வாயில் எடுக்கிறதில்லை.

மூன்றாவது வாதம் உணர்ச்சி சார்ந்தது: "இறந்துபோன விமானிகளுக்கு இது நினைவஞ்சலி." நினைவஞ்சலியை நாங்கள் கேலி செய்யமாட்டம். விளக்கு ஏற்றுகிற உரிமையின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் நினைவுக்கு உயிர் கேட்கக் கூடாது. 2024 மே 25 இல் அதே நினைவு அணியின் ஸ்பிட்ஃபயர் எம்கே356 கொனிங்ஸ்பி விமானத் தளத்துக்குப் பக்கத்தில் வயலில் விழுந்து, அதன் விமானி இறந்தார். 80 வருடத்துக்கு முன் செத்தவர்களை நினைக்கப் போய், இன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடக்குது. இதைச் சொல்ல எங்களுக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விடுகிற எந்தக் கட்டுரையும் நேர்மையானதில்லை.

இப்போது திரும்ப எல்எஃப்363 க்கு வருவம். அது பறப்பதை நாங்கள் எதிர்க்கிறோமா? இல்லை. 14,000 க்கும் மேல் ஹரிக்கேன் கட்டினார்கள். நிற்கிற அசல்கள் வேறும் இருக்கு. தீயில் வெந்த பிறகு கட்டி எழுப்பிய விமானம் பறக்கட்டும். எங்கட கோபம் அதன் உடுப்பில். 1944 இல் பிறந்த விமானத்துக்கு 1940 சமரில் பறந்த வேறொரு விமானத்தின் நிறமும் எழுத்தும் பூசுகிறார்கள். சில வருடங்களுக்கு ஒருக்கா வேறொரு வேடம். அப்பப்பாவின் றலிச் சைக்கிளுக்குப் புது ஃபிரேம், புது ரிம், புது ஹாண்டில் போட்டு, அதுக்கு மேல பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பெயரையும் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அந்த விமானத்துக்குச் சொந்தமாக ஒரு நல்ல கதை இருக்கு: எரிந்தது, ஒரு ஸ்பிட்ஃபயரை விற்று மீட்டார்கள், ஏழு வருடம் எடுத்தது. அதையே அதன் உடம்பில் எழுதலாமே. ஏன் வெட்கம்?

நாங்கள் கேட்பது புரட்சி இல்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறவர்கள் இதை எப்பவோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 1964 இன் வெனிஸ் சாசனம் சொல்வதன் சாரம்: இல்லாமல் போன பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் அசலில் இருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கல்லுக்கு இருக்கிற மரியாதை தகட்டுக்கு ஏன் இல்லை?

ஆகவே மூன்று விஷயங்கள்.

ஒன்று: தன் இனத்தில் அசலாக மிஞ்சிய சிலவற்றில் ஒன்று என்றால், அது விழுந்த பிறகு நிற்கத் திருத்துங்கோ. இன்னும் நல்லது, விழ முதலே நிறுத்துங்கோ. 30,000 க்கும் மேல் கட்டிய 109 களில் பாலைவனத்தில் சண்டை பிடித்து, அந்த உடம்போடே வந்து சேர்ந்தவை எத்தனை? கறுப்பு 6 க்கு அந்த ஒக்டோபர் ஞாயிறு தேவைப்பட்டிருக்கவில்லை.

இரண்டு: பெரும்பாலும் புது உலோகத்தால் கட்டியது என்றால், தாராளமாகப் பறக்கட்டும். ஆனால் கண்காட்சிப் பலகையில் எழுதுங்கோ: எது பழசு, எது புதுசு, எந்த வருடம். அறிவிப்பாளரும் மைக்கில் சொல்லட்டும். 'இது அந்த விமானம்' என்பதும் 'இது அந்த விமானத்தின் பெயரைத் தாங்குகிற புது விமானம்' என்பதும் ஒரே வசனம் இல்லை.

மூன்று: திருத்தும்போது கழற்றிய ஒவ்வொரு துண்டையும் இலக்கமிட்டு வைத்திருங்கோ. படம் எடுங்கோ. பதிவைப் பொதுவில் வையுங்கோ. மடிந்த தகட்டை விமானத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கோ. நிமிர்ந்த விமானத்தை விட அந்த மடிந்த தகட்டுக்கு முன்னால் ஒரு பிள்ளை கூட நேரம் நின்றாலும் நிற்கும்.

இளைஞர்கள் பழசை மதிப்பதில்லை என்று ஒரு குற்றச்சாட்டு எங்களைத் துரத்திக்கொண்டே இருக்கு. நாங்கள் மதிக்கிறம். மதிக்கிறபடியால்தான் அடிபட்ட இடம் தெரிய வேண்டும் எண்டு கேக்கிறம். கறுப்பு 6 இன்றைக்குக் கொஸ்ஃபோர்ட்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்குது. எஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை, கைதட்டு இல்லை. லிபியாவில் பிடிபட்டதும், 19 வருடம் எடுத்து எழும்பினதும், ஒரு வயலில் குப்புறக் கிடந்ததும் எல்லாம் அந்த ஒரே உடம்பில் இருக்கு. அங்கே போகிற ஆராவது இதை வாசித்தால் ஒரு உதவி: அதைப் பராமரிக்கிறவர்களிடம் 1997 இல் மடிந்த இடம் எது எண்டு கேளுங்கோ. காட்டினால் எங்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ.